சாவியோ மச்சாடோவின் சத்தம்

அக்டோபர் 7, திங்கள்

பிஸ்கட் டப்பா வந்துடுச்சு.

மேகலாக்கா அதைத் தூத்துக்குடியில இருந்து மடியிலயே வச்சுக்கிட்டு வந்திருக்காங்க. பெர்த்துக்கு அடியில வைக்க மனசு வரலையாம். எழும்பூர்ல இறங்கி நேரா சாலிகிராமம், என் ரூமுக்கு. காபி போடட்டுமான்னா வேண்டாம், மொதல்ல திற கதிர்ங்கிறாங்க. திறந்தா ஒரு பழைய கைக்குட்டை, அதுக்குள்ள உள்ளங்கை அளவுல ஒரு ஸ்பூல் டேப். அட்டையில மையால "ரெஜி, 1968"ன்னு எழுதியிருக்கு. தொடவே வெக்கமா இருக்கு எனக்கு. கல்யாணப் பொண்ணு பாக்கப் போனவன் மாதிரி.

இனிமே நடக்குறதை எல்லாம் எழுதி வைக்கணும்னு தோணுது, அதான் இந்த நோட்டு. மொதல்லருந்தே எழுதிடறேன். மேகலாக்கா ரெண்டு வருஷமா ஒரு டாக்குமெண்டரி எடுக்குறாங்க. சாவியோ மச்சாடோன்னு ஒரு டிரம்பெட்காரரைப் பத்தி. பத்தொன்பது வயசுல தூத்துக்குடியை விட்டு மெட்ராஸுக்கு ஓடி வந்தவர். பகல்ல சினிமா ரெக்கார்டிங், சாயங்காலம் மவுண்ட் ரோட்டுல ஒரு ஹோட்டல்ல ஜாஸ். 'மச்சாடோ செவன்'னு ஏழு பேர் பேண்டு சொந்தமா வச்சிருந்தார். முப்பது வருஷம் கொடி கட்டிப் பறந்துட்டு ஊருக்கே திரும்பிப் போனார். 2004-ல இறந்தப்போ ஆஸ்பத்திரியில தெரிய வந்துச்சு, அவருக்குப் பொறந்தப்போ வச்சது பொண்ணு பேருன்னு. ஒரு பத்திரிகையில 'ஆண் வேடமிட்ட பெண்'னு கொட்டை எழுத்துல போட்டாங்க. முப்பது வருஷம் ஊதின மனுஷனுக்கு அது வேடமாம். நாசமாப் போக.

நான் சவுண்ட் எடிட்டர். திருநம்பி. மேகலாக்கா கூப்பிட்டப்போ ரெண்டாவது காரணத்துக்குத்தான் கூப்பிடறாங்களோன்னு சுர்ருன்னு வந்துச்சு, கேட்டுட்டேன். ரெண்டுக்கும்தான் கூப்பிடறேன், ஆனா சவுண்டு சொதப்பினா அனுப்பிடுவேன்னாங்க. அந்தப் பதில் பிடிச்சுப் போச்சு, சேர்ந்துட்டேன்.

இந்த ஸ்பூலுக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்னா, சாவியோ பேசி எங்கயும் பதிவாகல. அவர் ஊதினது நூறு சினிமாப் பாட்டுல இருக்கு, பேர்தான் எதுலயும் இல்ல. பேச்சு ஒரு வார்த்தை கிடையாது. அவர் மக ரெஜினா மச்சாடோ தூத்துக்குடியில பேக்கரி வச்சிருக்காங்க. இருபது வருஷமா எந்த மைக்குக்கும் வாய் திறக்காதவங்க. மேகலாக்கா அஞ்சு தடவை போய் மக்ரூன் வாங்கித் தின்னு தின்னு, ஆறாவது தடவை இந்த டப்பாவை எடுத்துக் குடுத்திருக்காங்க. அம்மா சாகும்போது குடுத்தது, போட்டுக் கேக்க எங்ககிட்ட மிஷின் இல்ல, டாடி சத்தம் இருந்தாலும் இருக்கும்னாங்களாம்.

அக்டோபர் 9, புதன்

கேஸ் சிலிண்டர் காலி. மெஸ்ல சாம்பார் சாதம்.

ரிச்சி ஸ்ட்ரீட்ல மூணு மணி நேரம் அலைஞ்சு ரப்பர் பெல்ட் ரெண்டு தேத்தினேன். வடபழனியில ஒரு ரெக்கார்டிஸ்ட்கிட்ட பழைய ஸ்பூல் பிளேயர் கிடக்குது. மிஷினை அக்கு அக்கா கழட்டி, துடைச்சு, எண்ணெய் போட்டு, பெல்ட் மாட்டினேன். ஓடுது. நாளைக்கு டேப்.

அக்டோபர் 10, வியாழன்

சாவியோ பேசிட்டார்.

மொதல்ல கரகரன்னு ஒரு சத்தம். அப்புறம், அம்பத்தாறு வருஷம் தாண்டி, காதுக்குப் பக்கத்துல வந்து உக்காந்த மாதிரி: "ஹலோ, ஹலோ. ஓடுதா? ஓடுது. என் பேரு சாவியோ மச்சாடோ. தொழில் டிரம்பெட். பக்கத்துல நிக்கது என் மக ரெஜினா. வயசு அஞ்சு. வாய் ஓயாமப் பேசுவா, இப்ப வெக்கப்படுதா. ரெஜி, ஒயர மிதிக்காத." அப்புறம் டிரம்பெட் எடுத்து ஒரு வால்ட்ஸ், ஜோடி டான்ஸுக்கான மெட்டு, வாசிக்கிறார். முடிஞ்சதும் எப்படி இருக்குன்னு கேக்குறார். குழந்தை கீச்சுன்னு, "சத்தம் ஜாஸ்தி டாடி"ங்குது. அவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

ஹெட்ஃபோனைக் கழட்டி வச்சுட்டு அழுதுட்டேன். மறைக்க என்ன இருக்கு.

ஏன்னா அது பொம்பளைக் குரல். மெல்லிசா, மேல தூக்கினாப்புல. ஹார்மோன் ஊசி, மருந்தெல்லாம் இல்லாத காலம், குரலுக்கு அவர் என்ன பண்ணியிருக்க முடியும்? அந்தக் குரலை வச்சுக்கிட்டு 'தொழில் டிரம்பெட்'னு நெஞ்சை நிமித்திச் சொல்றார் பாரு. என்னோட பழைய குரல் இப்படியேதான் இருந்துச்சு. மூணு வருஷத்துக்கு முந்தினது போன்ல ஒரு கிளிப் கிடக்கு, திறக்கறதே இல்ல.

மேகலாக்காவுக்குப் போன் பண்ணி ஸ்பீக்கர்ல போட்டேன். முழுசாக் கேட்டாங்க. அப்புறம், "கதிர், படத்தோட முடிவு கிடைச்சிருச்சு"ன்னாங்க. ரெண்டு பேரும் லூசுங்க மாதிரி சிரிச்சோம்.

அக்டோபர் 14, திங்கள்

ஊசி நாள். கிளினிக்ல அந்த நர்ஸ் இன்னும் என் பழைய பேரைத்தான் கூப்பிடுது. திருத்தினேன். அடுத்த தடவையும் திருத்துவேன்.

கடைசி சீனை வெட்டி ஒட்டினோம். திரை கருப்பாகுது. வெள்ளை எழுத்துல ஒரு வரி வருது: 'வாழ்நாள் முழுக்க மறைத்து வைத்த குரல்.' அப்புறம் சாவியோ பேசுறார். வரி நான் எழுதினது. மேகலாக்கா கேமராமேன் ஜாஃபரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினாங்க. ஜாஃபர் தடிமாடு, எதுக்கும் அசையமாட்டான். எழுந்து போய் ஜன்னல்கிட்ட நின்னுட்டான்.

அக்டோபர் 22, செவ்வாய்

படத்தை ஒரு திரைப்பட விழாவுக்கு எடுத்துக்கிட்டாங்க. மும்பையில, ஜனவரியில, பெரிய திரையில. மேகலாக்கா கடிதத்தை எனக்கு மூணு தரம் படிச்சுக் காட்டினாங்க. நான் தெருவுல இறங்கி டீக்கடையில இருந்த எல்லாருக்கும் டீ சொன்னேன், என்ன விசேஷம்னு கேட்டாங்க, அக்கா படத்துக்குன்னேன்.

ஒரே ஒரு காகிதம் பாக்கி. நவம்பர் 22-க்குள்ள ரெஜினாம்மா கையெழுத்து போகணும். டேப், போட்டோ, சாவியோவோட சொந்த மெட்டுங்க எல்லாத்துக்கும் உரிமை அவங்ககிட்டதான். அது இல்லன்னா படமே இல்ல. போடுவாங்க. அப்பா குரலைக் கேட்டா எப்படிப் போடாம இருப்பாங்க?

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எங்க அப்பாவைப் பத்தி இந்த நோட்டுல எழுதுறதில்லன்னு இருக்கேன். சிவகாசியில பட்டாசு ஆபீஸ்ல கணக்குப் பாக்குற மனுஷனுக்கு இன்னிக்கு ஒருநாள்தான் லீவு. மதியம் தூங்கியிருப்பார்.

நவம்பர் 2, சனி. தூத்துக்குடி

எப்படி எழுதறதுன்னு தெரியல. நடந்தபடியே எழுதறேன்.

இன்னிக்குக் கல்லறைத் திருநாள்னு எங்க மரமண்டைக்கு உறைக்கல. வந்து இறங்கினா ஊரே பூவும் மெழுகுவர்த்தியுமா கல்லறைக்குப் போகுது. ரெஜினாம்மா, "சாயங்காலம்தான் போவேன், அதுக்குள்ள போட்டுக் காட்டுங்க"ன்னு பேக்கரி மாடிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அறுபத்தொண்ணு வயசுன்னு சொல்ல முடியாது, தெம்பா இருக்காங்க. நான் அம்மான்னு கூப்பிட்டதும், கடையில எல்லாருக்கும் நான் அக்காதான், நீங்களும் அப்படியே கூப்பிடுங்கன்னாங்க. மாவு ஒட்டின கையோட உக்காந்து படம் பாத்தாங்க.

பாதி வரைக்கும் திருவிழாதான். பழைய போட்டோவுல இருக்குற ஆளுங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. ஒரு இடத்துல நிறுத்தச் சொல்லி, அது தீவுத்திடல் இல்ல, பின்னி மில் கிளப்புன்னு திருத்தினாங்க. அம்மா பிலோமினா சின்னப் புள்ளையா இருந்த அவங்களைக் கையில பிடிச்சுக்கிட்டு விதவையா நின்ன காலத்துல சாவியோ கட்டிக்கிட்டதை, டாடி என்னைக் கேட்டுட்டுத்தான் அம்மாவைக் கட்டுனாவன்னு சொல்லிச் சிரிச்சாங்க. எனக்குச் சந்தோஷத்துல காது அடைச்சுது.

கடைசி சீன். கருப்பு. என்னோட வரி. சாவியோ பேசினார்.

ரெஜினாக்கா எழுந்துட்டாங்க. "இது எங்க டாடி இல்ல"ன்னாங்க.

மேகலாக்கா பதமாச் சொன்னாங்க, பழைய டேப், அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, நினைவுல குரல் மாறிப் போறது சகஜம்னு. ரெஜினாக்கா தலையை ஆட்டினாங்க, இல்லன்னு. அப்பதான் நான் வாயை விட்டேன். "ஏத்துக்கக் கஷ்டமா இருந்தா அதைச் சொல்லுங்கக்கா. அவர் குரல் இப்படித்தான் இருந்திருக்கும். எனக்கு இப்படித்தான் இருந்துச்சு."

அவங்க என்னை ஒரு நிமிஷம் பாத்தாங்க. கோபமா இருந்திருந்தா தாங்கியிருப்பேன்.

"உங்க சத்தம் எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது தம்பி. எங்க டாடி சத்தம் எனக்குத் தெரியும். அவிய செத்தப்போ பேப்பர்காரன் என்னமும் எழுதினான். இப்ப நீங்க பொம்பளை மாதிரி ஒரு சத்தத்தைக் கொண்டாந்து டாடிங்கியள. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அதுக்கப்புறமும் ரெண்டு டப்பா மக்ரூன் கட்டிக் குடுத்து அனுப்பினாங்க. வாங்கிக்கிட்டோம்.

நவம்பர் 3, ஞாயிறு

அவங்க ஏத்துக்கல, அவ்வளவுதான். பிள்ளைங்களுக்கும் சரி, பெத்தவங்களுக்கும் சரி, காது அடைச்சிருந்தா அடைச்சதுதான். என்ன பண்ண முடியும்.

மக்ரூன் ஒரு டப்பா முழுக்க நானே தின்னுட்டேன். வயிறு சரியில்ல.

நவம்பர் 6, புதன்

மேகலாக்கா ஒரு நாளைக்கு ரெண்டு தடவை தூத்துக்குடிக்குப் போன் பண்றாங்க. ரெஜினாக்கா எடுக்குறாங்க, நல்லா இருக்கியளான்னு கேக்குறாங்க, பேப்பர் பேச்சு எடுத்தா அடுப்புல வேலை இருக்குன்னு வச்சுடறாங்க. இன்னும் பதினாறு நாள்.

நவம்பர் 8, வெள்ளி

பெரம்பூருக்குப் போனேன், நோயல் அங்கிள்கிட்ட ரெண்டு வரி திரும்பப் பதிவு பண்ண. மச்சாடோ செவன்ல டிரம்ஸ் வாசிச்சவர், எண்பத்தி ரெண்டு வயசு, ஏழு பேர்ல மிச்சம் இவர் ஒருத்தர்தான். சாவியோவைப் பத்தி உங்களுக்கு அப்பவே தெரியுமான்னு மேகலாக்கா முன்னாடி ஒரு தடவை கேட்டப்போ, "டைமுக்கு வருவான், சுதி தப்பமாட்டான், அடுத்தவன் சோலோவைத் திங்கமாட்டான். வேற என்ன மேன் தெரியணும்?"னவர். படத்துல எனக்கு அது உசுரு.

வேலை முடிஞ்சுது. மனசு கேக்காம லேப்டாப்ல டேப்பைப் போட்டுக் காட்டினேன். பேச்சு வந்தப்போ காதைக் கிட்ட கொண்டுவந்தார். வால்ட்ஸ் ஆரம்பிச்சதும் நாற்காலிக் கையில விரலால தட்ட ஆரம்பிச்சார். நாலு தட்டு. நிறுத்திட்டார்.

"யாரு வாசிக்கிறது?"

சாவியோன்னேன்.

"சாவியோ இதை பி ஃப்ளாட்ல வாசிப்பான். இது டி ஃப்ளாட். நூறு தடவை அவன் பக்கத்துல வாசிச்சிருக்கேன் மேன், ஒரு நாளும் மாத்தினதில்ல. வேகமும் ஜாஸ்தி. இந்த வேகத்துல யாரும் டான்ஸ் ஆட முடியாது, விழுந்துடுவாங்க."

நம்ம கணக்குல ஒண்ணரைக் கட்டை மேல இருக்குங்கிறார். பஸ்ல வர்ற வழியெல்லாம் அதே ஓடுது. வயசாயிடுச்சு, மறந்திருப்பார்னு நெனைக்கப் பாத்தேன். ரெஜினாக்காவையும் அப்படித்தான் நெனைச்சேன்.

நவம்பர் 9, சனி

நான் முட்டாள். பெரிய எழுத்துல எழுதணும்.

காலையில ஏழு மணிக்கே உக்காந்தேன். டேப்ல பேச்சுக்குப் பின்னாடி 'ம்ம்ம்'னு ஒரு இரைச்சல் இருக்கு. சுத்தம் பண்றப்போ அதைத்தான் மொதல்ல வடிகட்டிப் போட்டேன், தொந்தரவுன்னு. இன்னிக்கு ஒரிஜினலை எடுத்து அதை மட்டும் தனியாக் கேட்டேன். டியூப் லைட். அந்த ரூம்ல ஒரு டியூப் லைட் எரிஞ்சிருக்கு, அதோட சோக்கு ரீங்காரம் போட்டிருக்கு. இந்த நாட்டுல எந்த ஊர்ல எந்த வருஷத்துல டியூப் லைட் போட்டாலும் அது ஒரே சுதியிலதான் பாடும். கரண்டு விநாடிக்கு அம்பது தடவை போய்வரும், சோக்கு நூறுல பாடும். என் தலைக்கு மேல எரியற லைட்டும் நூறுதான், அளந்து பாத்தேன்.

டேப்ல இருக்குறது நூத்திப் பத்தொன்பது.

டியூப் லைட்டுக்கு ஆம்பளைக் குரல் பொம்பளைக் குரல் கிடையாது. டேப்தான் வேகமா ஓடியிருக்கு. அன்னிக்கு சாவியோ வச்சிருந்தது பேட்டரி ரெக்கார்டரா இருந்திருக்கணும், பேட்டரி தீரப்போற நேரம், மோட்டார் மெதுவாச் சுத்திப் பதிவாகியிருக்கு. அதை நான் துடைச்சுச் சரி பண்ணின மிஷின்ல சரியான வேகத்துல போட்டதும் எல்லாமே மேல ஏறிடுச்சு. சாவியோ குரல், டிரம்பெட், குழந்தை, எல்லாம். குழந்தை கீச்சுன்னு கத்துனப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். எந்த அஞ்சு வயசுக் குழந்தை அப்படிக் கத்தும்? போகப் போக சுதி இன்னும் ஏறுது, அதையும் கேட்டேன். கேட்டுட்டு விட்டுட்டேன். வேற எந்த டேப்பா இருந்தாலும் அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருப்பேன். பதினோரு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்.

எனக்கு அந்தக் குரல் வேணும்னு இருந்துச்சு. அதான் விஷயம்.

ரீங்காரம் எங்கெல்லாம் ஏறுதோ அங்கெல்லாம் நூறுக்கு இறக்கி, விநாடி விநாடியா இழுத்துப் பிடிச்சேன். மத்தியானம் ரெண்டரை ஆச்சு. சாப்பிடல. போட்டேன்.

கட்டைக் குரல். சிகரெட் பிடிச்ச, லேசாக் கரகரத்த, சாவகாசமான குரல். ஹோட்டல் ரிசப்ஷன்ல இந்தக் குரலைக் கேட்டா, அங்க இருக்குறவன் திரும்பிப் பாக்காமலே, சொல்லுங்க சார்ம்பான். ஊசி இல்ல, மருந்து இல்ல, அந்த மனுஷன் தன் குரலைத் தானே செஞ்சுக்கிட்டிருக்கார். வால்ட்ஸ் பி ஃப்ளாட்ல ஆரம்பிக்குது. குழந்தை குழந்தை மாதிரி பேசுது. நான் ரூமுக்குள்ள குறுக்கும் நெடுக்கும் நடந்தேன், கையைத் தட்டினேன், கீழ் வீட்டுக்காரம்மா என்ன தம்பின்னு குரல் குடுத்தாங்க, ஒண்ணுமில்லங்க நல்ல விஷயம்னேன்.

அப்புறம் போன்ல கிடக்குற என் பழைய கிளிப்பையும் திறந்து கேட்டேன். இருபது செகண்டு. அது என்னோடது, அதை வேற யார் தலையிலயும் கட்ட வேண்டியதில்ல.

நவம்பர் 11, திங்கள்

மேகலாக்காகிட்ட ரெண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினேன். டியூப் லைட் கதையைச் சொன்னேன். நாற்காலியில சாஞ்சு கண்ணை மூடிக்கிட்டாங்க.

கண்ணைத் திறக்காமலே, என் படத்தோட முடிவைக் கொன்னுட்டியேன்னாங்க. பதினோரு நாள்தான் இருக்குன்னாங்க. விழாக்காரங்களுக்கு அந்தக் குரலைத்தான் அனுப்பியிருக்கோம், அதைக் கேட்டுத்தான் எடுத்தாங்கன்னாங்க. எல்லாம் உண்மை. என் தப்புன்னு சொன்னேன், திட்டுங்கன்னேன். திட்டினாங்க, நல்லாவே.

அப்புறம் கேட்டாங்க, "இந்தக் குரலை வச்சா அந்த சீன் என்ன சொல்லும் கதிர்?"

"ஒண்ணும் சொல்லாதுக்கா. ஒரு அப்பா புது டேப்ரெக்கார்டர் முன்னாடி மகளை நிறுத்தி வச்சுக்கிட்டு பெருமையடிக்கிறார். அவ்வளவுதான்."

மறுபடியும் போடச் சொன்னாங்க. இந்தத் தடவை குழந்தை பேசுற இடத்துல அவங்களுக்கே சிரிப்பு வந்துடுச்சு. மவுஸைப் பிடுங்கி, 'மறைத்து வைத்த குரல்'ங்கிற என் வரியை அவங்க கையாலயே அழிச்சாங்க. கருப்புத் திரையில வேற எழுத்தே வேண்டாம்னாங்க.

நவம்பர் 15, வெள்ளி

ரெஜினாக்கா, "வேணும்னா வாங்க, கையெழுத்து கேக்காதிய"ன்னுட்டாங்க. டிக்கெட் போட்டாச்சு.

நவம்பர் 19, செவ்வாய். தூத்துக்குடி

லேப்டாப் ஸ்பீக்கர்ல இதைக் கேக்க வைக்கிறது பாவம்னு, ஸ்டுடியோ ஸ்பீக்கர் ஒண்ணைத் தூக்கிட்டு வந்தேன். மரப்பெட்டி, ஆறு கிலோ. முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல என் பெர்த்துல பாதியை அதுதான் எடுத்துக்கிச்சு. டி.டி.ஆர் என்னன்னு கேட்டார், ஒருத்தரோட அப்பான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஸ்பீக்கர் சார்ன்னேன்.

பேக்கரியில காலை வியாபாரம் ஓய்ஞ்சு பத்து மணிக்கு மாடிக்குப் போனோம். மொதல்ல நான் பேசிக்கிறேன்னு மேகலாக்காகிட்ட சொல்லி வச்சிருந்தேன். மன்னிப்பு கேட்டேன். நீங்க சொன்னதுதான் சரி, அது உங்க டாடி சத்தம் இல்ல, நான் டேப்பைத் தப்பா ஓட விட்டுட்டேன்னேன். டியூப் லைட்டைக் காட்டி விளக்கினேன். அவங்க மேல அண்ணாந்து டியூப் லைட்டைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க.

"உங்களுக்கு அந்த சத்தம்தான் வேணும்னு இருந்திச்சோ?"ன்னு கேட்டாங்க.

ஆமாக்கான்னேன். அவங்க சரின்னு தலையை ஆட்டினாங்க. "போடுங்க"ன்னாங்க.

போட்டேன். ஹலோ, ஹலோ. ஓடுதா? ஓடுது.

ரெஜினாக்கா வாயைப் பொத்திக்கிட்டாங்க. என் பேரு சாவியோ மச்சாடோ. தொழில் டிரம்பெட். அவங்க தோள் குலுங்குது. அழுறாங்கன்னு நெனைச்சேன், சிரிச்சிருக்காங்க. "டாடி போட்டிருக்காவ"ன்னாங்க. "லேசாப் போட்டிருக்காவ. ரெண்டு உள்ள போனாத்தான் இப்படி இழுத்து இழுத்துப் பேசுவாவ. கிறிஸ்மஸ் சமயமா இருக்கும், பாத்துக்கிடுங்க." மேகலாக்கா என் முதுகுல ஓங்கி ஒரு அடி வச்சாங்க, வலிச்சுது, ஆனா பறக்குற மாதிரி இருந்துச்சு.

முழுசாக் கேட்டாங்க. மறுபடி போடச் சொன்னாங்க. மூணாவது தடவை முகம் கொஞ்சம் சுருங்குச்சு.

"டாடிதான். சந்தேகமே இல்ல. ஆனா தம்பி, இன்னும் கொஞ்சம் கீழ இருக்கும். இதைவிடக் கனமா இருக்கும் அவிய சத்தம். கொஞ்சம் இறக்குங்களேன், போட்டுத் தந்துடுதேன் கையெழுத்து."

மேகலாக்கா என்னைப் பாத்தாங்க. அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். ஒரு பட்டனைத் தட்டினா போதும், கால் கட்டை இறங்கிடும், யாருக்கும் தெரியாது. காகிதம் மேஜை மேல கிடக்கு. இன்னும் மூணு நாள். என் விரல் பட்டன்கிட்ட போச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

"முடியாதுக்கா"ன்னேன். "டியூப் லைட் நூறுல நிக்குது. இதுக்குக் கீழ இறக்கினா அது சாவியோ சார் இல்ல, உங்களுக்காக நான் பண்ணின ஆள். போன தடவை எனக்காகப் பண்ணிட்டேன். மறுபடி பண்ண மாட்டேன்."

கீழ கடையில யாரோ பன் கேக்குறாங்க, பையன் இல்லங்கிறான். மேகலாக்கா நெத்தியைப் பிடிச்சுக்கிட்டாங்க. படம் போச்சுன்னே நெனைச்சேன், அதுவும் என் வாயாலயே.

ரெஜினாக்கா டியூப் லைட்டை மறுபடி அண்ணாந்து பாத்தாங்க. அப்புறம் மெதுவாச் சொன்னாங்க, ராத்திரி ஹோட்டல்ல வாசிச்சுட்டு டாடி வர்ற வரைக்கும் தூங்க மாட்டேன், வந்ததும் தூக்கி நெஞ்சுல போட்டுக்கிடுவாவ, அப்படியே அம்மாகிட்ட அன்னைக்குள்ள கதையெல்லாம் பேசுவாவ, நான் காதை அவிய நெஞ்சுல வச்சுத்தான் கேப்பேன்னு. பெரிய புள்ளையான பிறகும் அந்தச் சத்தம்தான் மனசுல நிக்குதுன்னு. சொல்லிட்டு எழுந்தாங்க.

"மறுபடி போடுங்க"ன்னாங்க.

போட்டேன். அவங்க ஸ்பீக்கரை மேஜையில இருந்து தூக்கினாங்க. ஆறு கிலோ, ஒயர் இழுக்க, நான் பிடிக்கப் போனேன், வேண்டாம்னு கையாலயே காட்டினாங்க. அதை நெஞ்சோட அணைச்சு, மரத்துல கன்னத்தை வச்சு, காதை அழுத்திக்கிட்டாங்க. என் பேரு சாவியோ மச்சாடோ. தொழில் டிரம்பெட். பக்கத்துல நிக்கது என் மக ரெஜினா.

"இப்பச் சரியா இருக்கு"ன்னாங்க.

மேகலாக்கா பேனாவை நீட்டினாங்க. இருங்க, டாடி பேசி முடிக்கட்டும்னாங்க ரெஜினாக்கா. வால்ட்ஸ் முழுசும் ஓடிச்சு, குழந்தை சத்தம் ஜாஸ்தின்னுச்சு, அவர் சிரிச்சு முடிச்சார். அதுக்கப்புறம் ஒரு கையில ஸ்பீக்கரைப் பிடிச்சபடியே கையெழுத்துப் போட்டாங்க.